எடை குறைக்கும் ஊசி: பக்க விளைவுகளைச் சமாளிப்பது எப்படி?

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

டிர்செபடைடு என்னும் மருந்து ‘மவுன்ஜாரோ’ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாக்ளுடைடு என்னும் மருந்து ‘வீகோவி’ என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. அதற்குப் பிறகு இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ‘ஊசி போடலாமா?’ என்று கேட்பவை குறைந்து, ‘போட்டுக்கொண்டேன், இப்போது இப்படி ஆகிறதே!’ என்று முறையிடுபவை கூடிவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். மருத்துவரின் சீட்டோடு ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 42. செமாக்ளுடைடு ஊசியை வாரம் ஒரு முறை போட்டுக்கொள்கிறேன். முதல் மாதம் 0.25 மி.கி. போட்டபோது ஒரு தொல்லையும் இல்லை. 0.5 மி.கி.க்கு மாற்றியதிலிருந்து காலையில் குமட்டல், சில நாட்களில் வாந்தி, போதாக்குறைக்கு அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம். வகுப்பில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நிறுத்துவதற்கு முன்பு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. நாம் சாப்பிட்டவுடன் குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே இந்த மருந்து வேலை செய்கிறது. மூளையில் பசியைத் தணிக்கிறது, இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. இயல்பான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசியில் போகும் மருந்தோ பாதி அளவாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே இரவு எட்டரை மணிக்கு நீங்கள் சாப்பிட்ட தோசையில் ஒரு பகுதி காலையிலும் வயிற்றிலேயே இருக்கக்கூடும். காலைக் குமட்டலுக்கும் அந்த வாடை ஏப்பத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். தேங்கிய உணவு புளித்து கந்தக வாயு உண்டாவதால் முட்டை வாடை வருகிறது.

நீங்கள் தனியாக இல்லை என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். செமாக்ளுடைடின் 2.4 மி.கி. அளவை 1,961 பேரிடம் சோதித்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்து போட்டவர்களில் 100க்கு 44 பேருக்குக் குமட்டல் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களிலும் 100க்கு 17 பேர் குமட்டலைச் சொன்னார்கள். ஆனால் வயிற்றுத் தொல்லை தாங்காமல் மருந்தையே விட்டவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. பெரும்பாலோருக்கு இத்தொல்லை அளவை ஏற்றும் வாரங்களில் தலைதூக்கி, உடல் பழகியதும் அடங்குகிறது.

முதலில் தட்டைக் கவனியுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் அளவில் பாதியை மட்டும் பரிமாறிக்கொண்டு, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். ‘போதும்’ என்ற எண்ணம் முதலில் எழும் வாயோடு எழுந்துவிட வேண்டும். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று உள்ளே தள்ளும் அந்த இரண்டு கவளங்கள்தான் வாந்தியாக வெளியே வருகின்றன. வீட்டில் எல்லோரும் விட்டுவைத்ததை முடித்துவைக்கும் தாய்மார்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை மேலும் மந்தமாக்கும் என்பதால், பரோட்டா சால்னா, பிரியாணி, பஜ்ஜி, நெய் ஊற்றிய பொங்கல் ஆகியவற்றை அளவை ஏற்றிய முதல் இரண்டு வாரங்களுக்காவது தள்ளிவையுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், நீர்மோர், கஞ்சி போன்றவை தாங்கும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டு, படுக்கப் போகும் முன் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து வயிற்றை நிரப்பாமல், இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அருந்துங்கள். சோடாவும் குளிர்பானமும் ஏப்பத்தைக் கூட்டத்தான் செய்யும். இஞ்சித் தேநீரோ சுக்குக் காப்பியோ சிலருக்கு இதம் தருகிறது. சர்க்கரையைக் குறைத்துக் குடித்தால் அதில் பாதகம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால், அடுத்த அளவுக்கு ஏற வேண்டாம் என்று உங்கள் மருத்துவரிடம் துணிந்து கேளுங்கள். அட்டவணைப்படி 0.25, 0.5, 1, 1.7, 2.4 மி.கி. என்று நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் உடல் பழகும்வரை ஒரே படியில் இன்னும் நான்கு வாரம் நிற்பதையும், தேவையானால் ஒரு படி இறங்குவதையும் மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது அளவை ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் 1.7க்குப் போய்விட்டார் என்பதற்காக நீங்களும் போக வேண்டியதில்லை. குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் மாத்திரையை நீங்களாகவே வாங்கித் தினமும் விழுங்காதீர்கள். ஏற்கெனவே இந்த ஊசி தரும் மலச்சிக்கலை அது இன்னும் இறுக்கிவிடும்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் மிகவும் குறைந்து அடர் மஞ்சளாகப் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நீரிழப்பு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கேள்வி: எனக்கு வயது 55. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்ந்த மருந்தும் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன். டிர்செபடைடு ஊசி தொடங்கிய பிறகு மதியம் கை நடுக்கமும் வியர்வையும் வருகின்றன. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. ஊசி என்னைப் பலவீனமாக்குகிறதா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஊசியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஊசி வந்த பிறகும் பழைய மருந்துகளின் அளவு அப்படியே தொடர்வதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். டிர்செபடைடு தனியாக இருக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல; நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். ஊசியால் உங்கள் உணவு பாதியாகக் குறைந்திருக்க, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் மதியம் ‘லோ சுகர்’ வருவதில் வியப்பில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும். நடுக்கம் வரும்போதே குளுக்கோமீட்டரில் பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மிட்டாய், பிஸ்கட் என்று கடித்துச் சாப்பிடுவதைவிடக் கரைத்துக் குடிப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் இரைப்பை இப்போது மெதுவாகத்தான் காலியாகிறது. அந்த அளவுகளைத் தேதியோடு குறித்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் காட்டினால், அவர் கிளிமிபிரைடைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார்.

எழும்போது கண் இருட்டுவதற்கு வேறு காரணம் இருக்கலாம். எடை இறங்க இறங்க இரத்த அழுத்தமும் தானாகவே இறங்கும். அதன் மேல் நீர் பிரியும் மாத்திரையும், குறைவாகச் சாப்பிட்டு, குறைவாகக் குடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் அழுத்தம் தேவைக்கு மேல் தாழ்ந்துவிடும். உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்காக டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் இன்னும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வாந்தியாலோ கந்த சஷ்டி, ரமலான் போன்ற நோன்புகளாலோ உணவு அறவே குறையும் நாட்களில், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊசி போட்ட நாளிலிருந்து நான்கு நாளைக்கு ஒரு முறைதான் மலம் கழிகிறது. பேதி மாத்திரை போடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பேதி மாத்திரையில் தொடங்க வேண்டாம். சாப்பாடு குறையும்போது அதோடு வரும் நாரும் நீரும் குறைந்துபோகின்றன என்பதை யாரும் யோசிப்பதில்லை. கீரை, அவரை, கொய்யா, முழுப்பயறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். நாளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் அரை மணி நேர நடையும் சேரட்டும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சிகிச்சை பெறுபவர்கள் மட்டும் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இசப்கோல் எடுத்துக்கொண்டால் பெரிய குவளைத் தண்ணீரோடு எடுங்கள். தண்ணீர் போதாவிட்டால் அது உள்ளேயே கெட்டிப்பட்டு நிலைமையை மோசமாக்கும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் மலத்தை இறுக்கும் என்பதால் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் அது சாதாரண மலச்சிக்கல் அல்ல. குடல் அசைவு நின்றிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: என் அம்மா செமாக்ளுடைடு போட்டுக்கொள்கிறார். போன வாரம் நள்ளிரவில் மேல்வயிற்றில் கடும் வலி. வாயுப் பிடிப்பு என்று ஓம வாட்டர் கொடுத்தோம். காலையில் குறைந்துவிட்டது. இது ஊசியால் வந்ததாக இருக்குமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இருக்கலாம், அதனால் வலி போய்விட்டது என்று விட்டுவிடாமல் அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எடை வேகமாகக் குறையும் யாருக்கும், ஊசி இல்லாமல் பட்டினி கிடந்து குறைப்பவர்களுக்கும்கூட, பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. மேலே சொன்ன ஆய்வில் பித்தப்பைத் தொல்லை மருந்து போட்டவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும் வந்தது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைவரை இழுத்து, சில மணி நேரத்தில் விடும் வலி பித்தப்பைக் கல்லின் வழக்கமான போக்கு. காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

இதைவிட அஞ்ச வேண்டியது கணைய அழற்சி. அது அரிதுதான். ஆனால் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி, குனிந்து உட்கார்ந்தால் சற்றே தேறுவதும் மல்லாந்தால் கூடுவதுமாக, வாந்தியோடு விடாமல் நீடித்தால், அடுத்த ஊசியைப் போடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘இந்த ஊசி போட்டுக்கொள்கிறார்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நம் வீடுகளில் மேல்வயிற்று வலி எதுவானாலும் ‘கேஸ்’ என்று பெயர் சூட்டி ஒரு இரவைக் கடத்துவது வழக்கம். மாரடைப்பைக்கூட அப்படிக் கடத்தியவர்கள் உண்டு. ஊசி போட்டுக்கொள்பவர் உள்ள வீட்டில் இந்தப் பழக்கம் வேண்டாம்.

அவசரம் என்ற பேச்சு வந்ததால் கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செமாக்ளுடைடு போட்டுக்கொள்பவர்களில் மிக அரிதாகப் பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. 10,000 பேரில் ஒருவருக்கு நேரலாம் என்பது அதன் கணக்கு. வலியில்லாமல் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகள் ஊசி தொடங்கும்போதே விழித்திரைச் சோதனை செய்துகொள்வது நல்லது.

கேள்வி: வயது 29. மவுன்ஜாரோ தொடங்கி ஐந்தாம் மாதம் நடக்கிறது. தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. திருமணமாகிவிட்டது, இப்போதைக்குக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும் என்று எண்ணம். (வாசகி, சென்னை)

பதில்: முடியைப் பற்றி அதிகம் கலங்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் டைஃபாய்டுக்குப் பிறகும் முடி கொட்டுமே, அதே வகைதான் இதுவும். உடல் வேகமாக எடை இழக்கும்போது நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்கின்றன. வேர் சாவதில்லை, எடை ஓரிடத்தில் நிலைத்து, புரதமும் இரும்பும் போதுமான அளவு கிடைத்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பரிசோதியுங்கள். விலை உயர்ந்த எண்ணெய்க்குச் செலவிடும் பணத்தில் தினமும் இரண்டு முட்டை சாப்பிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது கருத்தடை மாத்திரைதான். டிர்செபடைடு இரைப்பையை மந்தமாக்குவதால் அந்த மாத்திரை சரிவர உட்கிரகிக்கப்படாமல் போகலாம். ஊசி தொடங்கிய முதல் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகு நான்கு வாரமும் ஆணுறை போன்ற மாற்று முறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது மாத்திரையை விட்டுக் காப்பர்-டி போன்றவற்றுக்கு மாற வேண்டும். பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களுக்கு எடை குறைந்ததும் கருமுட்டை வெளிப்படுவது சீராகி, எதிர்பாராமல் கரு தரிப்பதும் நடக்கிறது. கர்ப்ப காலத்தில் இந்த ஊசிகள் கூடாது. செமாக்ளுடைடு என்றால் கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடுக்குக் குறைந்தது ஒரு மாதம். நாள் தள்ளிப்போனால் அடுத்த ஊசிக்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஊசியால் எடை நன்றாகக் குறைந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. பசியே இல்லை என்று மதியம் நான்கு வாய் மோர் சாதத்தோடு முடித்துக்கொள்கிறார். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: எல்லோரும் வாந்தியைப் பற்றியே கேட்க, நீங்கள் கேட்டிருக்கும் இதுதான் வயதானவர்களுக்கு உண்மையில் பெரிய பக்க விளைவு. குறையும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. அதில் ஒரு பகுதி தசை. இளைஞர் அதை எளிதில் மீட்டுக்கொள்வார். 67 வயதில் இழந்த தொடைத் தசையைத் திரும்பக் கட்டுவது கடினம். அந்த வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், எடை குறைந்ததால் கிடைத்த பலன் அத்தனையும் போய்விடும்.

பசி இல்லாதவரிடம் ‘நிறையச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. சாப்பிடும் அந்த நான்கு வாயில் என்ன இருக்கிறது என்பதை மாற்ற வேண்டும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது இந்த வயதுக்கு நல்ல இலக்கு. அப்பா 70 கிலோ என்றால் 70 முதல் 84 கிராம். மோர் சாதத்தில் அது கிடைக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20, அதே அளவு பனீரில் 18, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 அல்லது 9 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் முதலில் மீனையோ முட்டையையோ கெட்டிப் பருப்பையோ சாப்பிடட்டும். சோறு கடைசியில், இடம் இருந்தால் போதும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். நம் வீட்டுச் சாம்பாரில் ஓர் அகப்பைக்கு எவ்வளவு பருப்பு வரும் என்பது சமைப்பவருக்குத் தெரியும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் இந்த இலக்கை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காப்பாற்றாது. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக நாளுக்கு மூன்று வேளை செய்யட்டும். இப்போது முடியாவிட்டால் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுவது ஆகியவற்றையும் சேர்க்கலாம். இனி எடை மேலும் குறைய வேண்டுமா, இந்த அளவிலேயே நிறுத்திப் பராமரித்தால் போதுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அப்பாவின் விஷயத்தில் அளவைக் குறைப்பதே சரி என்பது என் எண்ணம். ஆனால் சட்டென்று முழுவதும் விட்டுவிடுவதும் நல்லதல்ல. செமாக்ளுடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று முதல் பதிலில் சொன்ன ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. திரும்பி வருவதில் பெரும்பகுதி கொழுப்பாகவே இருக்கும்.

கேள்வி: ஊசி விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு குப்பி மருந்தை இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் போடலாமா? தங்கையும் நானும் ஒரே ஊசிப் பேனாவைப் பயன்படுத்தலாமா? ஒரு வாரம் மறந்துவிட்டால் என்ன செய்வது? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: முதல் இரண்டுக்கும் ‘கூடாது’ என்பதே பதில். ஒரு முறைக்கான குப்பியில் கிருமியைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படுவதில்லை. ரப்பர் மூடியில் ஊசி குத்திய பிறகு மிச்சத்தை ஒரு வாரம் வைத்திருந்தால் அது கிருமி வளர இடமாகலாம். பேனாவில் முனை ஊசியை மாற்றினாலும், ஒருவருடைய இரத்தம் மருந்துக் குழாய்க்குள் பின்னோக்கிப் போகக்கூடும் என்பதால் அது அக்காள் தங்கைக்குள்ளும் பொது ஆகாது. செலவு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த அளவிலேயே தொடரலாம், மருந்தையும் மாற்றலாம். அழகு நிலையத்திலும் வாட்ஸ்அப்பிலும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். போலி செமாக்ளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்திருக்கிறது.

மறந்துபோன செமாக்ளுடைடை ஐந்து நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். டிர்செபடைடுக்கு நான்கு நாள். அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போடுங்கள். இரட்டிப்பாகப் போடவே கூடாது. இரண்டு மூன்று வாரம் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் அப்படியே தொடர வேண்டாம். பழக்கம் விட்ட வயிறு முதல் நாள் போலவே புரட்டும். கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதா என்று மருத்துவர் சொல்வார்.

மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஐஸ் உறையும் தட்டில் வேண்டாம். ஒரு முறை உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது. டிர்செபடைடு குப்பி 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 21 நாள்வரை தாங்கும் என்றாலும், உங்கள் ஊரின் மே மாதத்தில் அந்த 30 டிகிரி வீட்டுக்குள் எங்கே கிடைக்கும்?

கேள்வி: அடுத்த மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சை. ஊசி போடுவதை அவர்களிடம் சொல்ல வேண்டுமா? (வாசகர், வேலூர்)

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், அறுவை சிகிச்சை மருத்துவரிடம் சொல்லிவிட்டோம் என்று இருக்காமல் மயக்கம் கொடுக்கும் மருத்துவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு மிஞ்சியிருந்து, மயக்கத்தில் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. முந்தைய வாரத்து ஊசியை விட்டுவிடுவதா, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் முழுவதும் நீராகாரம் மட்டும் எடுப்பதா என்பதை உங்களுக்கு இருக்கும் வயிற்றுத் தொல்லையையும் ஊசியின் அளவையும் பார்த்து அவர் முடிவு செய்வார். கடைசியாக ஊசி போட்ட தேதியையும் மி.கி. அளவையும் எழுதி, அனுமதிச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். எண்டோஸ்கோபிக்குப் போகிறவர்களும் இதையே செய்ய வேண்டும்.